இருமுடியும் வெள்ளைத் துணியும்: குழுப் பயண ஆயத்தம், தென்காசியிலும் இலங்கையிலும்

தென்காசி வட்டாரத்தில் நாற்பது பேர் சேர்ந்து வெளியூர்ப் பயணம் புறப்படுகிறார்கள் என்றால் முதலில் எழும் கேள்வி, "யார் கூட்டிக்கிட்டுப் போறாங்க?" என்பதுதான். சபரிமலைக்கு என்றால் குருசாமி. காசிக்கு என்றால், முன்பே பலமுறை ஆள் சேர்த்துக் கூட்டிப்போய் வந்தவர். தேதியும் கட்டணமும் அந்தப் பெயர் தெரிந்த பிறகுதான். இலங்கையிலும் இதே கணக்குத்தான். 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலையில் ஏறும் சிங்களக் குழுவுக்கு 'நடய' என்று பெயர். அதன் தலைவர் 'நடே குரா'. பலமுறை மலையேறி, வழியும் வழக்கமும் அறிந்த மூத்தவர் அவர். முதல்முறை ஏறுபவரை அங்கே 'கோடு' என்கிறார்கள். சபரிமலைக் குழுவில் அவரே கன்னிச்சாமி. கன்னிச்சாமி சரங்குத்தியில் சரக்கோல் குத்துகிறார். கோடுவாக வந்தவர் இந்திகட்டுபான என்னும் இடத்தில் நூல் கோத்த ஊசியை வைக்கிறார். புத்தர் அங்கே அமர்ந்து கிழிந்த சீவர ஆடையைத் தைத்தார் என்பது ஐதிகம். வழியில் அங்கே சீதகங்குலவில் குளியல், இங்கே பம்பையில் குளியல். குருசாமியையும் நடே குராவையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே பாதிப் பேச்சு நடந்துவிடும்.

பணம் சேர்க்கும் முறைகூட ஒன்றுதான். பயணத்துக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்ப்பது இரு கரையிலும் உண்டு. சிங்களத்திலும் அதற்குப் பெயர் 'சீட்டு'தான்.

இவ்வளவு ஒற்றுமைக்கும் நடுவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. தென்காசிக்காரரின் ஆயத்தம் விரதம், சாப்பாடு, குளியல் என்ற மூன்றைச் சுற்றியது. இலங்கைப் பௌத்தரின் ஆயத்தம் உடை, சீலம், நாள்காட்டி ஆகியவற்றைச் சுற்றியது. அநுராதபுரம், கண்டி, தம்புள்ளை என்று வழிகாட்டியுடன் சுற்றிவரப் போகும் தமிழ்நாட்டுக் குழு தன் ஊர்ப் பழக்கப்படியே மூட்டை கட்டினால், சாப்பாட்டுக் கூடை நிறைந்திருக்கும். தேவையான வெள்ளைத் துணி இருக்காது. 'தம்பதிவ வந்தனா' (இந்தியப் பௌத்தத் தலங்களுக்கான யாத்திரை) என்று சொல்லிக்கொண்டு புத்தகயைக்கு வரும் இலங்கைக் குழு வெள்ளைத் துணியோடு வந்துவிடும். கம்பளிச் சட்டையை மறந்திருக்கும்.

கார்த்திகை, மார்கழியில் குற்றாலத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டு முறை முழுதும் கண்முன் இருக்கும். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் பேரருவியில் குளிக்க நிற்கின்றன. கறுப்பும் நீலமும் காவியுமாக வேட்டிகள், கழுத்தில் துளசி மணி, வண்டிக் கூரையில் சமையல் பாத்திரங்கள். இந்தக் குழுக்களின் ஆயத்தம் 41 நாள் முன்பே மாலை போடுவதில் தொடங்கி, இருமுடிக்கட்டு நிறைப்பதில் முடிகிறது. நெய்த்தேங்காய்க்குக் குருசாமி எடுக்கும் சிரத்தையைக் கவனிக்க வேண்டும். தேங்காயின் நாரைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, உள்ளே ஈரம் போகும்வரை வைத்திருந்து, உருக்கிய நெய்யை ஊற்றி, தக்கையால் இறுக அடைக்கிறார்கள். முன்முடியில் அந்தத் தேங்காயும் அரிசி, அவல், வெல்லம், மஞ்சள்பொடி போன்ற காணிக்கைப் பொருள்களும். பின்முடியில் அவரவர் வழிச்சாப்பாட்டுக்கு வேண்டியவை. கடவுளுக்கு உரியது முன்னால், தனக்கு உரியது பின்னால் என்று பிரித்துக் கட்டும் இந்த மூட்டை, சாமான் பட்டியல் எழுதத் தெரியாதவரும் எதையும் மறக்காமல் இருக்கச் செய்யும் நல்ல ஏற்பாடு. காலத்துக்கு ஏற்ப அதுவும் மாறுகிறது. வீணாகும் கற்பூரமும் ஊதுபத்தியும் பன்னீரும் இருமுடியில் வேண்டாம் என்று 2024இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு கேட்டுக்கொண்டது. விமானத்தில் கைப்பையோடு தேங்காய் கொண்டுபோகத் தடை இருப்பதால், 2022 நவம்பரில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. கொழும்புக்கு விமானம் ஏறும் சுற்றுலாக் குழு இந்த விலக்கை நம்பித் தேங்காயைக் கையில் எடுக்கக் கூடாது. தேங்காயை இலங்கையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இலங்கைக் கிராமத்து வந்தனாவில் மூட்டைக்கு முன்பே நேர்ச்சை வந்துவிடுகிறது. புறப்படும் முன் ஒரு நாணயத்தை மஞ்சள் நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து, 'பண்டுர' என்று தெய்வத்துக்கு நேர்ந்து வைக்கிறார்கள். நம் ஊரில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதேதான். வீட்டில் தீட்டு விழுந்தால் பயணம் தள்ளிப்போவதும் இரு பக்கத்திலும் உண்டு. சிங்களத்தில் அதற்கு 'கில்ல' என்று பெயர். கிரிபத் எனப்படும் பாற்சோறு, லுணு மிரிஸ் எனப்படும் மிளகாய்ச் சம்பல், ரொட்டி ஆகியவை வழிச்சாப்பாடு. நாலு நாளைக்குக் கெடாத சீனிச்சம்பல் அங்கே நம் ஊர்ப் புளியோதரையின் இடத்தில் இருக்கிறது. ஆளுக்கொரு வெள்ளை உடை, பூ, எண்ணெய், திரி, ஊதுபத்தி. பிக்குமாருக்குத் தானம் செய்யும் எண்ணமிருந்தால் சீவரம், பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி முதலான எட்டுப் பொருள்கள் கொண்ட அட்டபரிகாரம். இந்தியாவுக்கு வரும் பல குழுக்கள் சமையற்காரரையும் கூட்டிவருகின்றன. பருப்பும் கருவாடும் தேங்காய்ப்பால் மாவும் பெட்டியில் வந்துவிடுகின்றன. காசிக்குப் போகும் தென்பாண்டிக் குழுவும் சமையற்காரரோடுதான் போகிறது. கங்கைக் கரையில் நின்றாலும் மதியம் ரசம் வேண்டும் என்பதில் இரு நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பயணத் தேதியைக் குறிப்பதில்தான் முதல் பிழை நேர்கிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதத்தில் நாள் குறிக்கின்றன. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். விகாரைகளில் வெள்ளை உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக எட்டுச் சீலம் எடுத்து அமர்ந்திருப்பார்கள். மே மாதத்துப் போயா வெசாக். புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றையும் நினைக்கும் பெருநாள். கூடு கூடாக விளக்குகளும், ஊரெங்கும் தோரணப் பந்தல்களும், தன்சல் எனப்படும் இலவச உணவுச் சாலைகளும் பார்க்கக் கிடைக்கும். ஆனால் தங்கும் அறை கிடைப்பது அரிது, வண்டியும் நகராது. ஜூன் மாதத்துப் பொசொன் போயாவில் மிகிந்தலையின் 1,840 படிகளும் ஆளால் நிறைந்திருக்கும். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் அங்கு வந்திறங்கிய நாள் அது. திருவிழாவுக்காகவே போகிறவர் அந்த நாளையே தேர்ந்தெடுக்கலாம். சிகிரியாவையும் தம்புள்ளைக் குகை ஓவியங்களையும் நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் போயாவுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டுக் குறிப்பதே மேல். அமாவாசையும் ஆடிப்பூரமும் பார்த்து நாள் குறிக்கும் ஊருக்குப் பௌர்ணமி பார்ப்பது கடினமான வேலை இல்லை.

மழைக் கணக்கில் தென்காசிக்காரருக்கு ஒரு வசதி உண்டு: வீட்டு வாசலில் நின்றே இலங்கையின் வானிலையை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடித்து ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்றால், அதே தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் இரத்தினபுரியையும் சிவனொளிபாத மலையையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது மலைப் பருவம் முடிந்திருக்கும். டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக்கோடு நிறைவடைகிறது. அதே ஆனி, ஆடியில் அநுராதபுரம், பொலன்னறுவை, திருகோணமலை பக்கம் வெயில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக் குற்றாலத்தில் குளிக்கத் தடை போடும் நாட்களில் இலங்கையின் வடக்கும் கிழக்கும் நனைந்துகொண்டிருக்கும். மலைநாடு, வறண்ட நாடு இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்பும் குழுவுக்கு பிப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள்.

இந்தியாவுக்கு வரும் இலங்கையர் செய்யும் பிழை எதிர்த்திசையில் இருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை தம்பதிவப் பருவம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் நுவரெலியாவைத் தவிர வேறெங்கும் குளிர் கண்டிராதவருக்கு, தை மாதத்தில் பிகாரின் விடியற்காலை எப்படி இருக்கும் என்பது வந்த பிறகுதான் புரிகிறது. மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. தூரமும் அப்படியே. வடக்கிலிருந்து தெற்கே மொத்தம் 430 கிலோமீட்டர் அளவே உள்ள நாட்டுக்காரருக்கு, சாரநாத்திலிருந்து புத்தகயை, அங்கிருந்து குசிநகர், பின் லும்பினி, சிராவஸ்தி என்று நாள்தோறும் வண்டியிலேயே கழியும் பயணம் மலைப்பைத் தரும். நம் ஆட்களோ கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வளைவும் நெரிசலுமான அந்தப் பாதையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் மெதுவாகத்தான் போக முடியும். நிகழ்ச்சி நிரலில் ஒரே நாளில் ஐந்து ஊர் எழுதியிருந்தால், அந்த நிரலைப் போட்டவர் அந்தச் சாலையில் போனதில்லை என்று கொள்ளலாம்.

ஒரு காலத்தில் இரு நாட்டுக்கும் இடையே போய்வருவது இன்றையதைவிட எளிது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின், எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார். வடக்கே போகும் சிங்கள யாத்திரிகர்கள் அதே வழியில் எழும்பூரில் இறங்கினார்கள். கென்னட் சந்தில் உள்ள மகாபோதி சங்கத்தின் மடம் அவர்களுக்குத் தங்குமிடமாக இருந்தது. அநகாரிக தர்மபால 1891இல் தொடங்கிய சங்கம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியோடு அந்த வழியையும் கொண்டுபோயிற்று.

இப்போது தென்காசியிலிருந்து புறப்படுகிறவருக்கு மூன்று வழிகள். திருவனந்தபுரம் சுமார் 110 கிலோமீட்டர், மதுரை சுமார் 160 கிலோமீட்டர். இரண்டிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. மூன்றாவது, நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை நம்பிப் பயணம் போட முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் தொடங்கி ஏ9 சாலையில் தெற்கே இறங்க விரும்பும் குழுவுக்கு இதுவே நேர்வழி. அந்தச் சாலையில் முறிகண்டிப் பிள்ளையார் முன் வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். ஆரியங்காவில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் பழகியவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டிய செய்தி இல்லை.

பாஸ்போர்ட், இலங்கைத் தமிழில் கடவுச்சீட்டு, குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்குத் திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. குழுவில் நாற்பது பேர் என்றால் பெயர் எழுத்து பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டிலும் ஒத்துப்போகிறதா என்று நாற்பது முறை பார்க்க வேண்டும். தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற தமிழ்நாட்டுச் சிக்கல் விமான நிலையத்தில்தான் வெடிக்கும். இலங்கைக்கு இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்துவிடலாம். கட்டண விதி கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால் புறப்படும் மாதத்தில் அரசுத் தளத்தில் பார்ப்பதே சரி. இலங்கையருக்கு இந்தியா 2015 முதல் மின்விசா வழங்குகிறது. அவர்களுக்குள்ள சிக்கல் லும்பினி. அது நேபாளத்தில் இருக்கிறது. அங்கே போய்விட்டு மறுபடி இந்தியாவுக்குள் வர வேண்டும் என்பதால் ஒரே ஒரு முறை நுழையும் அனுமதி போதாது, எந்த எல்லைச் சாவடி வழியாக நுழையலாம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

உடை விஷயத்தில்தான் இரு நாட்டு வழக்கமும் நேரெதிராக நிற்கிறது. தமிழ்க் கோயில் மரபில் ஆண் தன் மேலாடையைக் கழற்றுவது மரியாதை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் முன்னும் திருவனந்தபுரத்துப் பத்மநாபர் முன்னும் சட்டையோடு போக முடியாது. பௌத்த விகாரையில் தோளையும் முழங்காலையும் மூடுவதே மரியாதை. ஒரே பயணத்தில் நல்லூரும், புத்தரின் புனிதப் பல் உள்ள கண்டித் தலதா மாளிகையும் இருந்தால் இரண்டுக்கும் ஏற்ற உடை கைப்பையில் இருக்க வேண்டும். வெள்ளை கட்டாயமில்லை, வெளிர்நிறம் போதும்; ஆனாலும் வெள்ளையில் போகிறவரை அங்கே தம்மவராகப் பார்க்கிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண்களிடம் வெள்ளைச் சேலை இருப்பதில்லை. சுமங்கலி வெள்ளை உடுத்தக் கூடாது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கரை வைத்த சந்தன நிறச் சேலையோ கேரளக் கசவுச் சேலையோ இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். பின்னது புனலூர் வரை போகாமல் செங்கோட்டையிலேயே கிடைக்கும்.

செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். இதில் என்ன புதிது என்று தோன்றும். அநுராதபுரத்து ருவன்வெலிசாயத் தூபியின் கல் பாவிய முற்றத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் தெரியும். அருவிக்கரையின் ஈரப்பாறையில் பழகிய கால் அது. பத்தடியில் தாளம் போடத் தொடங்கிவிடும். காலுறைக்குப் பெரும்பாலும் தடையில்லை. தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி, கூடவே காலை ஒன்பது மணிக்குள் பார்த்து முடிக்கும் திட்டம், இவை இரண்டும் அட்டமஸ்தானம் எனப்படும் அங்குள்ள எட்டுத் தலங்களுக்குத் தேவை. இலங்கைக் கிராமத்துக் குழுக்கள் விடியும் முன் ஸ்ரீ மகாபோதி அரசமரத்துக்குப் போய்விடுவது பக்தியால் மட்டும் இல்லை.

வழிபாட்டுப் பொருளிலும் ஒரு வேறுபாடு. புத்தர் சன்னிதியில் தேங்காய் உடைப்பதில்லை, கற்பூர ஆரத்தி இல்லை, அர்ச்சனைச் சீட்டும் இல்லை. தாமரை, நீலோற்பலம், அரலிய எனப்படும் ஈழத்தலரி ஆகிய பூக்களைக் காம்பு நீக்கி, முகராமல் எடுத்துப்போய் மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். பல விகாரைகளில் பக்கத்திலேயே விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோருக்குத் தேவாலயம் உண்டு. பழத்தட்டும் தேங்காயும் அங்கே. அந்தப் பத்தினி நம் கண்ணகிதான் என்று வழிகாட்டி சொல்லும்போது குழுவில் ஒரு சலசலப்பு எழும். பிக்குவை வணங்கலாம், கைகொடுக்கக் கூடாது. பெண்கள் எதையும் நேரே அவர் கையில் தருவதில்லை. உணவுத் தானம் நண்பகலுக்கு முன் மட்டுமே. தலதா மாளிகையில் பூசை நேரம் விடியற்காலை 5.30, காலை 9.30, மாலை 6.30, புனிதப் பல் பேழை இருக்கும் அறை திறப்பதும் அப்போதுதான்.

படம் எடுப்பது பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே அவமதிப்பு. 2012இல் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. 2014இல் கையில் புத்தர் உருவைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரை விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். அது தவறு என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இழப்பீடு வழங்கச் சொன்னது. தீர்ப்பு எப்படியாயினும் புத்தர் படம் போட்ட பனியனை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. கைப்பேசி விதி ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. புத்தகயை மகாபோதி ஆலயத்தில் 2013 ஜூலைக் குண்டுவெடிப்புக்குப் பின் கைப்பேசியை உள்ளே விடுவதில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கண்டித் தலதா மாளிகையில் 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பின் உடல் சோதனை வந்தது, ஆனால் கைப்பேசியோடு போகலாம்.

சைவக் குடும்பங்களுக்கு இலங்கைச் சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. மாசி. தூத்துக்குடிக்காரருக்கு மாசிக்கருவாடு தெரியும்; சிங்களத்தில் அது 'உம்பலகட'. இடித்துத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பலிலும் லுணு மிரிஸிலும் சீனிச்சம்பலிலும், சில வீடுகளில் பருப்பிலும் போடுகிறார்கள். மீன் இல்லையே என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. "மாசி போடாத சம்பல் இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'மரக்கறிச் சாப்பாடு' என்பதைவிடச் 'சைவச் சாப்பாடு' என்று சொன்னால் தமிழ்க் கடைகளில் உடனே புரியும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாளுக்கு, முறுக்கும் பருப்புப்பொடியும் மற்ற நாளுக்கு என்று எடுத்துப்போவதில் தவறில்லை. விதை, செடி, பச்சைக் காய் மட்டும் வேண்டாம், தாவர நோய்த்தடுப்பு விதி கடுமையானது. சமையற்காரரையும் அடுப்பையும் கூட்டிப்போகும் காசிப் பழக்கம் இலங்கை விடுதிகளில் செல்லாது.

மருந்துப் பையில் ஒரு விசித்திரம். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. அதனால் இந்தியாவுக்கு வரும் இலங்கை யாத்திரிகர்களுக்கு அந்நாட்டு மலேரியாத் தடுப்பு இயக்கம் முன்தடுப்புக் குளிசைகளை இலவசமாகத் தருகிறது. திரும்பியபின் காய்ச்சல் வந்தால் இந்தியா போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இங்கிருந்து அங்கு போகிறவர்களுக்கு அப்படி எந்த மாத்திரையும் தேவையில்லை. டெங்குக் கொசுவுக்கு மட்டும் இரு நாட்டிலும் ஒரே களிம்பு. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். தேனருவிக்கு ஏறியவர்களுக்கு அட்டை புதிதில்லை, சிவனொளிபாத மலையின் ஈரக்காட்டுப் பாதைகளிலும் அதே உப்பும் சோப்பும்தான். குற்றாலத்தில் கைப்பையைக் குரங்கிடம் பறிகொடுத்தவர் தம்புள்ளையில் எச்சரிக்கையாக இருப்பார். சிகிரியாவில் குரங்கைவிடக் குளவி பொல்லாதது. சுமார் 1,200 படி ஏறும் வழியில் சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

வழிகாட்டி விஷயத்தில் இலங்கை முறை கட்டுக்கோப்பானது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உரிமம் கொடுத்து அடையாள அட்டை தந்தவர்தான் குழுவைக் கூட்டிப்போகலாம். நாடு முழுவதற்கும் ஒருவகை, குறிப்பிட்ட இடத்துக்கு ஒருவகை என்று பிரிவுகள் உண்டு. தமிழ் தெரிந்த வழிகாட்டி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவீச்சரமும் அநுராதபுரத்தில் எல்லாளன் சமாதி என்று காட்டப்படும் மேடும் பலருடைய நிரலில் இருப்பதில்லை. கேட்டால்தான் வண்டி நிற்கும். இங்கிருந்து போகும் குருசாமி போன்ற தலைவருக்கும் அந்த வழிகாட்டிக்கும் யார் பெரியவர் என்ற போட்டி முதல் நாளே வரும். சன்னிதிக்குள் வழிகாட்டி சொல், பஸ்ஸுக்குள் தலைவர் சொல் என்று புறப்படும்போதே பேசிவைத்த குழுக்கள் சண்டை இல்லாமல் திரும்புகின்றன.

பணத்தில் சில சலுகைகள் உண்டு. சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம்; கடவுச்சீட்டை அறையில் பூட்டிவிட்டு வந்தவர் முழுக் கட்டணம் கட்ட நேரும். இந்தியத் தொல்லியல் துறை இன்னும் தாராளம்: சாரநாத்தில் இலங்கையருக்கும் இந்தியருக்கும் ஒரே கட்டணம். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளில் யு.பி.ஐ. செல்லும், ஆனாலும் விகாரை வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் இலங்கை ரூபாய்தான். விடுதிகளில் சதுர முனையுள்ள பிரித்தானிய வகை மின்செருகியும் இருக்கும் என்பதால் மாற்றுச் செருகி ஒன்று வேண்டும். கடிகாரத்தை மட்டும் தொட வேண்டியதில்லை. அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்த இலங்கை, 2006 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது.